கால் ஆபரேஷன் முடிந்து வீட்டுக்கு வந்தாச்சு, அப்புறம்?

இந்த முறை வந்த கடிதங்களைப் பிரித்து அடுக்கினால் பெரிய குவியல் ஒன்றுதான்: காலில் ஆபரேஷன் ஆகி வீட்டுக்கு வந்தவர்களும், அவர்களைப் பார்த்துக்கொள்கிறவர்களும் எழுதியவை. மருத்துவமனையில் மணி அடித்தால் யாராவது வருவார்கள். வீட்டில் முதல் ராத்திரி கால் கொஞ்சம் வீங்கினாலே எது சாதாரணம், எது ஆபத்து என்று புரியாமல் நெட்டில் தேடி இன்னும் பயந்துபோகிறார்கள். வேடிக்கை என்னவென்றால் கடிதங்களில் அதிகம் பயப்படும் விஷயங்கள் பெரும்பாலும் ஒன்றுமில்லாதவை, 'சும்மா கேட்கிறேன்' என்று கடைசி வரியில் வருபவைதான் எனக்குப் பதற்றம் தருகின்றன. ஒன்று சொல்லிவிடுகிறேன், நான் அறுவை மருத்துவர் இல்லை, பிசியோதெரபிஸ்ட். எப்போது கால் ஊன்றலாம், எந்த மாத்திரை எத்தனை நாள் என்பதில் உங்களுக்கு ஆபரேஷன் செய்தவர் சொன்னதும் நான் எழுதுவதும் ஒத்துப்போகாவிட்டால் அவர் சொன்னதைக் கேளுங்கள்.

கேள்வி: முழங்காலுக்குக் கீழே எலும்பு உடைந்து உள்ளே ராடு வைத்திருக்கிறார்கள். வீட்டுக்கு வந்து ஒரு வாரம். படுத்திருந்தால் ஒன்றும் இல்லை. பாத்ரூம் போகக் காலைக் கீழே இறக்கினால் ரத்தமெல்லாம் பாதத்துக்குப் பாய்கிற மாதிரி வலி, பாதம் ஊதா நிறமாகிவிடுகிறது. அடிபட்டது நடுவில்தான், ஆனால் விரல் வரை கருநீலமாக இருக்கிறது. ரத்த ஓட்டம் நின்றுவிட்டதா மேடம்?

பதில்: நீங்கள் சொல்வதைப் பார்த்தால் நிற்கவில்லை, கீழே வந்த ரத்தம் மேலே திரும்ப முடியாமல் தேங்குகிறது. நடக்கும்போது கெண்டைக்கால் தசை ஒவ்வொரு அடிக்கும் சுருங்கி ரத்தத்தை மேலே தள்ளும். இப்போது அந்தத் தசை வேலை செய்யவில்லை, போதாக்குறைக்கு வீக்கம் வேறு, அதனால் காலை இறக்கிய சில நொடியில் கனமும் குத்தலும் நிறமாற்றமும் வரும். மறுபடி படுத்துக் காலைத் தூக்கி வைத்தபின் சில நிமிடத்தில் பழைய நிறத்துக்கு வந்துவிட்டால் கவலை இல்லை. விரல் நகத்தை அழுத்திவிட்டுப் பாருங்கள், வெளுத்த இடம் இரண்டு நொடிக்குள் சிவப்பானால் ரத்தம் வந்துகொண்டுதான் இருக்கிறது. தூக்கி வைத்தும் பாதம் வெளிறி, சில்லிட்டு, மரத்துப் போயிருந்தால் உடனே மருத்துவமனைக்குப் போங்கள். விரல் வரை இறங்கிய கருநீலம் உடைந்த இடத்தில் கசிந்த ரத்தம்தான். அதுவும் தண்ணீர் மாதிரி பள்ளம் பார்த்துத்தான் இறங்கும், பச்சை மஞ்சளாகி மறைந்துவிடும்.

காலைத் தூக்கி வைக்கிறேன் என்று எல்லோரும் சொல்கிறார்கள், எப்படி என்று கேட்டால் நாற்காலியில் உட்கார்ந்து முன்னால் ஒரு ஸ்டூல் போட்டிருக்கிறேன் என்கிறார்கள். அது தூக்கி வைத்த கணக்கில் வராது. பாதம் நெஞ்சை விட உயரத்தில் இருக்க வேண்டும், அதற்கு நீங்கள் படுக்க வேண்டும், தலையணையும் ஒன்று போதாது. கெண்டைக்கால் முழுக்கத் தாங்கும்படி வைத்து, குதிகால் மட்டும் தலையணை விளிம்பைத் தாண்டி எதிலும் படாமல் நிற்கட்டும், ஏனென்றால் நாள் முழுக்க ஒரே இடத்தில் அழுந்தும் குதிகாலில் புண் வந்துவிடும், அது தையல் புண்ணைவிட ஆற நேரம் எடுக்கும். விழித்திருக்கும் நேரத்தில் மணிக்கு ஒரு தரம் பாதத்தை முகத்தை நோக்கி இழுத்து, பிறகு கீழே தள்ளி, இப்படிப் பத்துப் பதினைந்து தடவை செய்யுங்கள். கணுக்கால் கட்டுக்குள் இருந்தால் விரல்களை மட்டுமாவது மடக்கி நீட்டுங்கள். ஐஸ் வைப்பதானால் துணி சுற்றி, ஒரு தடவைக்கு 15 முதல் 20 நிமிடம், கட்டு நனையாமல். சாயங்காலம் ஆனால் வீங்குவது மட்டும் சில மாதம் வரை இருக்கும், அதைப் பார்த்து ஆபரேஷன் சரியாகவில்லை என்று நினைக்க வேண்டாம்.

கேள்வி: எங்கள் அம்மாவுக்கு 74 வயது. வழுக்கி விழுந்து இடுப்புப் பக்கம் எலும்பு முறிந்து ஆபரேஷன் ஆனது. எழுந்து நடக்கச் சொல்லி அனுப்பினார்கள். அம்மா 'வைத்ததெல்லாம் கழன்றுவிடும்' என்று அழுகிறார், பார்க்க வருகிற சொந்தக்காரர்களும் பாவம் படுக்கட்டும் என்கிறார்கள். கட்டாயப்படுத்தலாமா?

பதில்: சொந்தக்காரர்கள் அன்பாகத்தான் சொல்கிறார்கள், ஆனால் இந்த விஷயத்தில் அந்த அன்பு உதவாது. இந்த வயதில் இடுப்பு முறிவுக்கு அவசரமாக ஆபரேஷன் செய்வதே படுக்கையிலிருந்து சீக்கிரம் எழுப்பத்தான், பெரும்பாலும் மறுநாளே நிற்க வைப்பார்கள். படுத்தே இருந்தால் நெஞ்சில் சளி கட்டும், காலில் ரத்தம் உறையும், முதுகுக்கடியில் புண் வரும், இருக்கிற கொஞ்ச நஞ்சத் தசையும் கரையும். டிஸ்சார்ஜ் சம்மரியில் எவ்வளவு ஊன்றலாம் என்று எழுதியிருக்கும், முதலில் அதைப் பாருங்கள். முழு எடையும் ஊன்றலாம் என்று இருந்தால் அந்த வரியை அம்மாவுக்கே படித்துக் காட்டுங்கள், மகள் சொல்வதைவிட டாக்டர் எழுதியதற்கு மரியாதை அதிகம்.

வலி மாத்திரை கொடுத்து அரைமணி முக்கால் மணி கழித்து எழுப்புங்கள். கையைப் பிடித்து இழுக்கக் கூடாது, தோள்பட்டை போய்விடும், உங்கள் முதுகும் போகும். கட்டில் விளிம்புக்கு நகர்ந்து உட்காரட்டும், ஆபரேஷன் ஆன கால் கொஞ்சம் முன்னால், நல்ல கால் பின்னால். இரண்டு கையும் கட்டிலை ஊன்றித் தள்ளி எழ வேண்டும், வாக்கரைப் பிடித்துக்கொண்டு எழுந்தால் அது அப்படியே சாயும். எழுந்து நின்றபிறகுதான் கை ஒவ்வொன்றாக வாக்கருக்கு. நின்றதும் தலை சுற்றுகிறதா என்று கேளுங்கள், ஒரு நிமிடம் அப்படியே நிற்கட்டும். நடக்கும்போது வாக்கர் முதலில், அடுத்து ஆபரேஷன் ஆன கால், கடைசியில் நல்ல கால். நீங்கள் நிற்க வேண்டிய இடம் ஆபரேஷன் ஆன பக்கம், அரை அடி பின்னால், முன்னால் நின்று 'வா வா' என்று கூப்பிடுகிறவரால் விழுகிறவரைப் பிடிக்க முடியாது. முதல் நாள் நாற்காலி வரை போய் உட்கார்ந்தாலே போதும். நாற்காலி கைப்பிடியோடு, உயரமாக, உட்கார்ந்தால் முழங்கால் இடுப்பைவிடத் தாழ்வாக இருக்கும்படி பாருங்கள். மூட்டையே மாற்றியிருந்தால் கால் மேல் கால் போடுவது, குனிந்து தரையில் கிடப்பதை எடுப்பது போன்றவற்றுக்குத் தடை இருக்கலாம், எந்த வழியாக ஆபரேஷன் செய்தார்கள் என்பதைப் பொறுத்து அது மாறும், கேட்டுக்கொள்ளுங்கள்.

இன்னொன்று. பாத்ரூம் போகப் பயந்து அம்மா தண்ணீர் குடிப்பதைக் குறைத்திருக்கிறாரா என்று கவனியுங்கள். நிறையப் பேர் சொல்லாமல் செய்வது இது. மலச்சிக்கல், சிறுநீர்த் தொற்று, தலைசுற்றல் எல்லாம் இதிலிருந்தே தொடங்கும், கட்டில் பக்கத்தில் ஒரு கமோடு நாற்காலி வைத்தால் ராத்திரிப் பிரச்சினை தீரும். தரையில் விரிப்பு, ஒயர் எதுவும் கிடக்க வேண்டாம், ராத்திரி சின்ன விளக்கு எரியட்டும். திடீரென்று ஆள் தெரியாமல் பேசுவது, பகலில் எழுப்பவே முடியாமல் தூங்குவது என்று வந்தால் வயதுக் கோளாறு என்று விட்டுவிடாமல் அன்றே டாக்டரிடம் சொல்லுங்கள், தொற்றோ மாத்திரையோ காரணமாக இருக்கலாம்.

கேள்வி: கணுக்காலில் பிளேட், ஸ்க்ரூ போட்டு ஆறு வாரம் கால் ஊன்றவே கூடாது என்றார் டாக்டர். மூன்றாவது வாரத்திலேயே எனக்கு வலி இல்லை. வீட்டுக்குள் மட்டும் லேசாக ஊன்றி நடக்கிறேன். என் நண்பனுக்கும் கால் ஆபரேஷன்தான், அவன் இரண்டாவது வாரமே நடந்தான். எனக்கு மட்டும் ஏன் இவ்வளவு கெடுபிடி?

பதில்: தம்பி, முதலில் ஊன்றுவதை நிறுத்துங்கள், பிறகு பேசலாம். வலி இல்லாததற்கும் எலும்பு கூடியதற்கும் சம்பந்தம் இல்லை. பிளேட் உடைந்த துண்டுகளை அசையாமல் பிடித்திருப்பதால்தான் வலி இல்லை, எலும்பு இன்னும் கூடவில்லை. அந்தப் பிளேட்டும் எலும்பு கூடும்வரை தாங்குவதற்காகத்தான், எலும்புக்குப் பதிலாக இல்லை. திரும்பத் திரும்ப எடை விழுந்தால் உலோகமும் சோர்ந்து ஒருநாள் விரிசல் விடும், ஸ்க்ரூ தளரும். அப்புறம் மறுபடி ஆபரேஷன். நண்பனுக்குத் தொடையிலோ காலின் நடுவிலோ ராடு போட்டிருக்கலாம். அது எலும்பின் நடுவே ஓடுவதால் எடையைத் தாங்கும், பல சமயம் சீக்கிரமே ஊன்றவும் சொல்வார்கள். உங்களுடையது மூட்டு. அங்கே துண்டு ஒரு மில்லிமீட்டர் இரண்டு மில்லிமீட்டர் நகர்ந்தாலே பின்னாளில் மூட்டுத் தேய்மானம் வரலாம்.

இதற்கு நேர் எதிர்த் தப்பும் உண்டு. டாக்டர் ஊன்றலாம் என்று சொன்னபிறகும் பயத்தில் ஊன்றாமலே இருப்பவர்கள். எலும்பு தன்மேல் விழும் சுமைக்கு ஏற்பத் தன்னைக் கட்டிக்கொள்கிறது என்று ஜெர்மன் அறுவை மருத்துவர் ஜூலியஸ் வோல்ஃப் 1892இல் எழுதியது இன்றைக்கும் எங்கள் தொழிலின் அடிப்படை, சுமையே இல்லாத எலும்பு மெலியும். அதனால் அனுமதி கிடைத்த நாளில் தயங்க வேண்டாம். 'பாதி எடை ஊன்று' என்று சொன்னால் எவ்வளவு என்று காலுக்குத் தெரியாது, வீட்டில் எடை பார்க்கும் மிஷின் இருந்தால் ஆபரேஷன் ஆன காலை அதன்மேல் வைத்து, மற்றக் காலைப் பக்கத்தில் அதே உயரத்தில் வைத்து, அக்குள் கட்டைகளைப் பிடித்தபடி மெதுவாக அழுத்திப் பாருங்கள், சொன்ன கிலோ வரும்போது கால் எப்படி உணர்கிறது என்று பழகிவிடும்.

அக்குள் கட்டை வைத்திருப்பீர்கள். அதன் மேல்முனைக்கும் அக்குளுக்கும் நடுவே இரண்டு மூன்று விரல் இடைவெளி வேண்டும், எடை முழுக்க உள்ளங்கையில். அக்குளில் தொங்கினால் நரம்பு அழுந்திக் கை மரத்துப்போகும், மணிக்கட்டைத் தூக்கவே முடியாமல் வந்து நிற்பவர்கள் இருக்கிறார்கள். அப்புறம், சிகரெட் பழக்கம் இருந்தால் விடுங்கள். எலும்பு கூடுவதை அது தாமதப்படுத்தும் என்பதில் சந்தேகமே இல்லை.

கேள்வி: மாடிப்படி ஏறலாமா?

பதில்: ஏறலாம், ஆனால் முதல் வாரங்களில் தேவையில்லாமல் வேண்டாம். ஏறும்போது நல்ல கால் முதலில், பிறகு ஆபரேஷன் ஆன காலும் கட்டையும் சேர்ந்து. இறங்கும்போது கட்டையும் ஆபரேஷன் ஆன காலும் முதலில். ஒரு கை எப்போதும் கைப்பிடியில் இருக்கட்டும். துணைக்கு வருபவர் ஏறும்போதும் இறங்கும்போதும் உங்களுக்கு ஒரு படி கீழே நிற்க வேண்டும். பலமே இல்லையென்றால் உட்கார்ந்து உட்கார்ந்து ஏறுவதில் ஒரு அவமானமும் இல்லை.

கேள்வி: முழங்கால் ஜவ்வு ஆபரேஷன் ஆகி மூன்றாவது வாரம். எல்லாம் நன்றாகப் போகிறது. சும்மா கேட்கிறேன், இரண்டு நாளாகக் கெண்டைக்காலில் பிடித்துக்கொண்ட மாதிரி இருக்கிறது, தொட்டால் சுடுகிறது. நன்றாக அழுத்தித் தேய்த்துவிடலாமா?

பதில்: கூடவே கூடாது. இந்தக் கடிதத்துக்குப் பத்திரிகை வரும்வரை காத்திருக்க முடியாது என்பதால் அப்போதே பதில் அனுப்பிவிட்டோம். மற்றவர்களுக்காக இங்கே எழுதுகிறேன். ஆபரேஷனுக்குப் பிறகு கால் அசையாமல் கிடப்பதால் உள்ளே ஆழத்தில் இருக்கும் ரத்தக்குழாயில் ரத்தம் உறைந்து அடைக்கலாம். ஒரு கால் மட்டும் மற்றதைவிட வீங்குவது, கெண்டைக்காலில் பிடிப்பு, சூடு, சிவப்பு இதெல்லாம் அடையாளம், சில சமயம் ஒன்றுமே தெரியாமலும் இருக்கும். அதைத் தேய்த்தால் உறைந்த கட்டி பிய்ந்து நுரையீரலுக்குப் போகலாம். அன்றைக்கே டாக்டரைப் பாருங்கள், டாப்ளர் ஸ்கேன் எடுத்துச் சொல்லிவிடுவார்கள், வலிக்கவும் வலிக்காது. திடீரென்று மூச்சு வாங்குவது, மூச்சை இழுத்தால் நெஞ்சு குத்துவது, இருமினால் ரத்தம் என்று வந்தால் டாக்டருக்கு போன் செய்து நேரம் கேட்டுக்கொண்டிருக்காமல் ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்கள்.

ரத்தம் உறையாமல் இருக்க ஊசியோ மாத்திரையோ கொடுத்திருந்தால் சொன்ன கடைசி நாள் வரை போட வேண்டும். இடுப்பு மூட்டு மாற்றியவர்களுக்கு 35 நாள் வரைகூடப் போகும். நன்றாக நடக்கிறோமே என்று பாதியில் நிறுத்துவதுதான் நான் அடிக்கடி பார்ப்பது.

கேள்வி: மாவுக்கட்டுக்குள் அரிப்பு தாங்கவில்லை. ஸ்கேல் விட்டுச் சொறியலாமா?

பதில்: வேண்டாம், ஊசி, குச்சி, ஸ்கேல் எதுவும் வேண்டாம், உள்ளே கீறினால் புண் சீழ் வைக்கும்வரை தெரியாது. ஹேர் டிரையரில் குளிர்ந்த காற்றை மட்டும் விடுங்கள், கட்டின் வெளியே தட்டுங்கள், அரிப்பு மாத்திரை வேண்டுமா என்று டாக்டரைக் கேளுங்கள். அரிப்பைவிடப் பெரிய விஷயம் இறுக்கம். காலைத் தூக்கி வைத்தும், மாத்திரை போட்டும் வலி ஏறிக்கொண்டே போகிறது, விரலை வேறொருவர் லேசாக நீட்டினாலே அலறுகிறீர்கள், விரல் மரத்துப்போகிறது என்றால் அது தசைக்குள் அழுத்தம் ஏறுவதாக இருக்கலாம். அதற்கு மணிக்கணக்கில்தான் அவகாசம், விடியட்டும் என்று பார்க்காதீர்கள்.

கேள்வி: முழங்கால் மாற்று ஆபரேஷன் ஆனது. முழங்காலுக்கு அடியில் தலையணை வைத்தால்தான் தூக்கம் வருகிறது. பிசியோ தம்பி வந்து தினமும் அதை எடுத்துவிட்டுத் திட்டுகிறார். தழும்புக்கு வெளிப்பக்கம் உணர்ச்சியே இல்லை, அது வேறு பயம்.

பதில்: அம்மா, இதில் நான் அந்தத் தம்பி பக்கம். முழங்கால் லேசாக மடங்கியிருந்தால் சுகமாக இருக்கும், அந்தச் சுகத்திலேயே அது அப்படி உறைந்துவிடும். மடக்குவதைப் பற்றித்தான் எல்லோரும் கவலைப்படுகிறார்கள், ஆனால் கால் முழுதாக நீளாவிட்டால் நடையே நொண்டும், முதல் சில வாரத்தில் நீட்டாததை அப்புறம் நீட்டுவது பெரும்பாடு. அதனால் சுருட்டிய துண்டைக் குதிகாலுக்கு அடியில் வையுங்கள், முழங்கால் அந்தரத்தில் தன் எடையிலேயே கீழே இறங்கட்டும், ஐந்து நிமிடத்தில் தொடங்கி நாளைக்குச் சில தடவை. அப்படியே தொடைத் தசையை இறுக்கி முழங்காலைக் கட்டிலை நோக்கி அழுத்தி ஐந்து எண்ணி விடுங்கள். ராத்திரி தூக்கத்துக்குக் கெண்டைக்காலில் இருந்து குதிகால் வரை நீளமாகத் தலையணை வைக்கலாம். உணர்ச்சி இல்லாத இடம் பற்றிப் பயம் வேண்டாம், தோலைக் கீறும்போது சின்ன நரம்புகள் அறுபடும், அந்த இடம் மெல்லச் சுருங்கும், கொஞ்சம் நிரந்தரமாகவும் இருக்கலாம். நடக்கும்போது உள்ளே 'டக் டக்' என்று கேட்பது புது மூட்டின் சத்தம்தான். முழங்கால் மாதக்கணக்கில் கொஞ்சம் சூடாக இருப்பதும் சகஜம். ஆனால் சிவப்பு பரவுகிறது, தையலில் நீரோ சீழோ வருகிறது, காய்ச்சல் 100.4 டிகிரியைத் தாண்டுகிறது என்றால் போக வேண்டும்.

கேள்வி: என் வீட்டுக்காரருக்குத் தொடை எலும்பில் ஆபரேஷன். மூன்று வாரமாகிறது. ராத்திரி தூக்கம் இல்லை, பகலெல்லாம் எரிந்து விழுகிறார், நேற்று அழுதுவிட்டார். அவர் அழுது நான் பார்த்ததே இல்லை. வலி மாத்திரை பழக்கமாகிவிடும் என்று போடுவதும் இல்லை.

பதில்: முதலில் மாத்திரை. வலி உச்சிக்கு ஏறியபிறகு போட்டால் அதைக் கீழே இறக்கவே பாதி ராத்திரி போய்விடும், ஆரம்ப நாட்களில் எழுதிக்கொடுத்த நேரத்துக்குப் போட்டு, பிறகு படிப்படியாகக் குறைப்பதுதான் முறை. பழக்கமாகும் என்று பயப்பட வேண்டியது டிரமடால் போன்ற வீரியமான வலி மாத்திரைகளுக்கு, அதையும் சொன்ன சில நாளில் நிறுத்தினால் பெரும்பாலும் பிரச்சினை இல்லை. மலச்சிக்கல் மட்டும் நிச்சயம் வரும், முதல் நாளிலேயே அதற்கும் மருந்து கேட்டுக்கொள்ளுங்கள். பாரசிட்டமால் ஒரு நாளைக்கு 4 கிராம், அதாவது 500 மில்லிகிராம் மாத்திரை எட்டுக்கு மேல் கூடாது, கல்லீரல் கோளாறு இருந்தால் அதற்கும் குறைவு. கலப்பு வலி மாத்திரையிலும் சளி மாத்திரையிலும் அதுவே ஒளிந்திருக்கும், அட்டையைத் திருப்பிப் படித்துக் கூட்டிப் பாருங்கள்.

அழுகை பற்றி. மூன்றாவது வாரம் மோசமான வாரம். பார்க்க வருகிற கூட்டம் நின்றுவிடும், வலியும் முழுசாகப் போயிருக்காது, ஒரு டம்ளர் தண்ணீருக்கும் உங்களைக் கூப்பிட வேண்டும். கோபம் உங்கள் மேல் இல்லை, ஆனால் வாங்கிக்கொள்வது நீங்கள்தான் என்பதும் உண்மை. தண்ணீர், போன், சார்ஜர், மாத்திரை, கண்ணாடி எல்லாம் கைக்கெட்டும் ஒரு சின்ன மேஜையில் வைத்துவிடுங்கள், கூப்பிட வேண்டிய தடவை பாதியானாலே இரண்டு பேருக்கும் மூச்சு வரும். பகலில் நாற்காலியில் உட்காரட்டும், வெளிச்சம் படட்டும், பகல் தூக்கத்தைக் குறைத்தால்தான் ராத்திரி தூக்கம் வரும். தினமும் ஒரு மணி நேரம் வேறு யாரையாவது உட்கார வைத்துவிட்டு நீங்கள் வெளியே போய் வாருங்கள், இதற்கு அவரிடம் அனுமதி கேட்க வேண்டாம். இரண்டு வாரத்துக்கு மேல் இதே மனநிலை நீடித்தாலோ, வாழ்ந்து என்ன பயன் என்று பேசினாலோ டாக்டரிடம் வெளிப்படையாகச் சொல்லுங்கள்.

கேள்வி: வலது காலில் ஆபரேஷன். கார் எப்போது ஓட்டலாம்?

பதில்: டாக்டர் சரி என்றபிறகு, வலி மாத்திரை மயக்கம் இல்லாதபோது, திடீர் பிரேக்கை முழு பலத்தோடு மிதிக்க முடிந்தால். வலது காலில் பெரிய எலும்பு முறிந்தவர்களைச் சோதித்ததில், எடை ஊன்றத் தொடங்கி ஆறு வாரம் வரை பிரேக் மிதிக்கும் வேகம் குறைவாகவே இருந்திருக்கிறது. நடக்கிறோம் என்பதால் ஓட்டலாம் என்று அர்த்தம் இல்லை.

கேள்வி: தையல் பிரித்ததும் தலைக்குக் குளிக்கலாமா?

பதில்: தையலோ பின்னோ பொதுவாக 10 முதல் 14 நாளில் எடுப்பார்கள். எடுத்த அன்றே அவசரப்படாமல், ஒன்றிரண்டு நாள் கழித்து டாக்டர் சரி என்றதும் தண்ணீர் மேலே வழிந்து ஓடும்படி குளிக்கலாம், தேய்க்காமல் துண்டால் ஒற்றி எடுங்கள். தொட்டியிலோ குளத்திலோ ஊறுவது, பொருக்கெல்லாம் உதிர்ந்து தோல் முழுக்க மூடியபிறகுதான். பாத்ரூமில் வழுக்காத கால்கள் கொண்ட நாற்காலி போட்டு உட்கார்ந்தே குளியுங்கள், சோப்பும் மக்கும் உட்கார்ந்தபடி எட்டும் உயரத்தில் இருக்கட்டும், எழுவதற்கு முன் தரையைத் துடைக்கச் சொல்லுங்கள். துண்டு தொங்கும் கம்பியைப் பிடித்து எழாதீர்கள், அது உங்கள் எடைக்குப் போட்டதில்லை. முதல் சில தடவை கதவைத் தாழ் போடாமல் சாத்தி மட்டும் வையுங்கள், வெளியே ஒருவர் நிற்கட்டும்.